ஓட்டமும் நிறுத்தமும்

பண்டு தகடூர் என்று வழங்கிய தருமபுரி, மேட்டுநிலத்தில் அமைந்த ஊராகும். கடல் மட்டத்திற்கு மேல் 450 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் அது உள்ளது. தெற்கே உள்ள சேலமோ 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கின்றது. ஓரூரினின்று மற்றோர் ஊருக்குச் செல்வோர் இவ்வுயர வேறுபாட்டை எங்கேனும் ஓரிடத்தில் கடந்தே தீரவேண்டும். அவ்விடமே தொப்பூர்க் கணவாய். சிறீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இக்கணவாயின் வழியாகவே செல்கின்றது. சிமெண்டும் இரும்பும் நெல்லும் ஏற்றிய பெரிய லாரிகள் இரவும் பகலும் வரிசையாக இவ்வழியே இறங்குவதைக் காணலாம்.

இயற்கை அழகு நிறைந்த இடம் இது. இருபுறமும் குன்றுகள், இடையே வளைந்து இறங்கும் சாலை. ஆயினும், லாரி ஓட்டுவோர் இவ்வழகில் மனத்தைச் செலுத்துவதில்லை. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், கட்டுப்பாட்டை இழந்த லாரியொன்று இங்கு நின்றிருந்த பல வாகனங்களின்மேல் மோதியது, நால்வர் உயிரிழந்தனர். 2024ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் இதே கணவாயில் நேர்ந்த மற்றொரு விபத்திலும் நால்வர் மாண்டனர். இவை பலவற்றுள் இரண்டே. ஏற்றத்தில் திணறும் வண்டியால் எவருக்கும் பெருந்தீங்கு விளைவதில்லை. இறக்கத்தில் எளிதாக ஓடும் வண்டியே அஞ்சத்தக்கது. இது முதலில் வியப்பாகத் தோன்றும். எனினும், ஓடும் பொருளொன்றை நிறுத்துவது எத்தகைய செயல் என்பதை அறிந்தார்க்கு இதில் வியப்பில்லை.

பிரேக்கு என்று யாவரும் வழங்கும் தடைக்கருவி வேகத்தை அழிப்பதாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. ஓடும் வண்டியிடம் உள்ள ஆற்றலை எதனாலும் அழித்தல் இயலாது. அதனை வேறொரு வடிவாக மாற்றவே இயலும். தடைக்கருவி உராய்வின் வாயிலாக அவ்வாற்றலை வெப்பமாக மாற்றுகின்றது. குளிர்காலத்துக் காலையில் இரு கைகளையும் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளும் சிறுவன் செய்வதும் இதுவே. வேகம் மறைந்த பின்னும் வெப்பம் மறைவதில்லை. அது தடைக்கருவியில் தங்கியிருந்து, சிறிது சிறிதாகக் காற்றில் கலந்தாலன்றித் தீராது. இனிக் கூறப்படுவன யாவும் இவ்வொன்றினின்றே எழுவன.

கணக்கிட்டுப் பார்த்தால் இது மேலும் விளங்கும். 40 டன் எடையுள்ள லாரியொன்று 100 மீட்டர் உயரத்தினின்று கீழே இறங்குகின்றது என்க. அதன் வேகம் கூடாமல் ஒரே சீராக இருக்கவேண்டுமாயின், ஏறக்குறைய 4 கோடி ஜூல் ஆற்றலை எங்கேனும் செலுத்தியாக வேண்டும். இவ்வளவு வெப்பம் 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதியது. வேறொரு வகையாகவும் கூறலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்தும்போது உண்டாகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்கு வெப்பம், 100 மீட்டர் உயரம் இறங்குவதனாலேயே உண்டாகின்றது. வண்டி சிறியதாயினும் பெரியதாயினும் இவ்விகிதம் மாறாது. சமநிலத்தில் அடுத்தடுத்து ஏழு முறை பாய்ந்தோடி ஏழு முறை நிற்கும் லாரியின் தடைகள் என்ன பாடுபடுமோ, அதே பாட்டை இறங்கும் லாரியின் தடைகளும் படுகின்றன. சமநிலத்தில் எந்த ஓட்டுநரும் அவ்வாறு செய்யார். இறக்கத்திலோ, தாம் அவ்வாறு செய்வதை அறியாமலே சிலர் செய்துவிடுகின்றனர்.

லாரிச் சக்கரத்தினுள் உருளை வடிவான இரும்பு டிரம் ஒன்று சுழல்கின்றது. அதன் உட்புறத்தில் லைனிங் எனப்படும் பட்டைகள் அழுந்தித் தேய்வதால் சக்கரத்தின் ஓட்டம் தணிகின்றது. வெப்பம் அளவு கடந்தால் பட்டையின் பற்றுந்திறன் குறைந்துவிடும். டிரமும் விரிந்து பட்டையை விட்டு அகலும். மிதி முழுவதும் மிதிக்கப்பட்டிருந்தும் வண்டி நில்லாது. பெருவண்டிகளில் பட்டையை அழுத்துவது காற்றின் விசையாதலால், விட்டுவிட்டு அடிக்கடி மிதிப்பவருக்குத் தொட்டியிலுள்ள காற்றும் குறைந்துபோகும். ‘பிரேக்கு பிடிக்கவில்லை’ என்று ஓட்டுநர் பின்னர்க் கூறும் சொல் பொய்யன்று. ஆனால், பிரேக்கு பிடிக்காமற்போனதற்குரிய காரணம், இறக்கம் தொடங்கிய இடத்திலேயே தொடங்கியிருக்கும்.

ஏனெனில், இறக்கத்தில் வண்டியைத் தாங்கவேண்டியது தடைக்கருவி மட்டுமன்று. கியரைத் தாழ்த்தி ஓட்டினால், எஞ்சினே சக்கரங்களைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழகிய ஓட்டுநர்களிடையே வழங்கும் விதி. டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தால் சிலர் கியரை நியூட்ரலில் விட்டு இறங்குகின்றனர். அவ்வளவில் எஞ்சினின் துணை முற்றும் அற்றுப்போகின்றது. சுமை முழுவதும் தடைகளின்மேல் விழுகின்றது. தொப்பூரில் ஒலிபெருக்கி வைத்தும் பலகை நாட்டியும் காவல் துறையினர் எச்சரிப்பது இச்செயலையே. சில கரண்டி டீசலுக்காக நாற்பது டன்னை நம்பியிருத்தல் கெட்ட வாணிகமாகும்.

கணவாயைக் கடந்து சேலம் நோக்கிச் சென்றால், ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் ஒரு விமான நிலையம் உள்ளது. தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லையாதலால், இம்மாவட்டத்து மக்களுக்கு அருகில் உள்ளவற்றுள் அதுவும் ஒன்று. அதன் ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய 1,800 மீட்டர். சுழலி பூட்டிய சிறு விமானங்களுக்கு அது போதும். முந்நூறு நானூறு பேரைச் சுமக்கும் பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. பெங்களூரில் அவற்றிற்காக 4,000 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதைகள் உள்ளன. இத்துணை நீளம் எதற்கு என்னும் வினாவிற்குரிய விடை, தொப்பூர் லாரியின் டிரமில் கண்ட அதே விடைதான்.

பெரிய பயணிகள் ஜெட் விமானம் ஒன்று 250 டன் எடையுடன் தரையிறங்குகின்றது. அதன் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். அப்பொழுது அதனிடம் உள்ள ஆற்றல் ஏறக்குறைய 60 கோடி ஜூல். 2,000 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். மேற்கூறிய லாரிக்குக் கணவாயில் பல நிமிடங்கள் கிடைக்கின்றன. விமானத்திற்குக் கிடைப்பதோ ஒரு நிமிடத்திற்கும் குறைந்த காலமே. அதற்குள் பதினைந்து லாரிகளின் வெப்பத்தை அது எங்கோ ஓரிடத்தில் இறக்கி வைக்கவேண்டும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்க. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும், தடைகளின் சுமை ஐந்தில் ஒரு பங்கிற்கு மேல் கூடிவிடும்.

இச்சுமையைத் தடைகள் தனித்துத் தாங்குவதில்லை. சக்கரங்கள் தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேற்புறத்திலுள்ள தகடுகள் செங்குத்தாக எழுந்து நிற்கும். சன்னலோரத்தில் அமர்ந்த பயணிகள் இதனைத் தெளிவாகக் காணலாம். அத்தகடுகள் காற்றை எதிர்த்து நிற்பதோடு, இறக்கையின் தூக்கும் விசையையும் கெடுத்து, விமானத்தின் முழு எடையையும் சக்கரங்களின்மேல் சுமத்துகின்றன. எடை அழுந்தாத சக்கரத்தைத் தடுத்துப் பயனில்லை; அது வழுக்கும். அடுத்து, எஞ்சின்கள் காற்றை முன்புறமாகத் திருப்பி உமிழ்ந்து விமானத்தைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. அப்பொழுது எழும் பேரிரைச்சலை விமானத்தில் சென்றோர் யாவரும் கேட்டிருப்பர். லாரியின் தாழ்ந்த கியர் செய்யும் உதவிக்கு ஒப்பானது இது. எஞ்சியதைச் சக்கரத் தடைகள் ஏற்கின்றன. அதுவும் பெரும் பங்கேயாகும்.

விமானச் சக்கரத்தின் தடை டிரம் வடிவினது அன்று. சக்கரத்தின் உட்குழிவில் வட்டத் தகடுகள் பல, தட்டுகளை அடுக்கினாற்போல் ஒன்றையொன்று ஒட்டி அமைந்துள்ளன. ஒரு தகடு சக்கரத்தோடு சுழலும். அடுத்தது அச்சோடு பிணைந்து அசையாது நிற்கும். அதற்கடுத்தது மீண்டும் சுழலும். விமானி மிதியை அழுத்தும்போது, அழுத்தமேறிய எண்ணெய் குழாய்களின் வழியே சென்று அவ்வடுக்கை நெருக்குகின்றது. முற்காலத்தில் இத்தகடுகளை எஃகினாற் செய்தனர். 1976ஆம் ஆண்டு பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய கன்கார்டு விமானத்தில் கார்பன் தகடுகள் இடம்பெற்றன. கார்பன் எஃகைவிட இலேசானது. எடைக்கு எடை மிகுந்த வெப்பத்தை ஏற்பது. செந்தணலாகக் கனன்றபோதும் வலிமை குன்றாதது. இன்று பெரிய விமானங்களிற் பெரும்பாலானவை கார்பன் தடைகளையே கொண்டுள்ளன.

புதுவகை விமானத்தைப் பயணிகளுக்கு விடுமுன் கடுஞ்சோதனையொன்று நடைபெறும். தாங்கக்கூடிய மிகுந்த எடையை ஏற்றி, மேலெழுவதற்குரிய வேகம் வரையில் ஓட்டி, பின் தடைகளைக் கொண்டே விமானத்தை நிறுத்துவர். அத்தடைகளும் புதியன அல்ல. தேய்ந்து முடியும் நிலையில் உள்ளவை. விமானம் நின்றபின் 5 நிமிடங்கள் தீயணைப்போர் அருகே செல்லலாகாது. தகடுகள் சிவந்து ஒளிரும். டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றிறங்கி அமரும். ஆயினும், அந்த 5 நிமிடங்களுக்குள் விமானத்திற்குத் தீயால் ஆபத்து நேரக்கூடாது. நிறுத்திவிட்டதோடு வேலை முடியவில்லை என்பதை விமானம் செய்வோர் நன்கு அறிந்து வகுத்த விதி இது.

டயர்கள் தாமாகக் காற்றிறங்குவதும் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடாகும். மோட்டார்க் காரின் டயரிலுள்ள அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு அழுத்தம் பெரிய விமானத்தின் டயரில் உண்டு. அதனுள் அடைப்பது நைட்ரசன் வாயு. எரிதலுக்குத் துணைபுரியாத வாயுவாதலால் அதனைத் தேர்ந்தனர். தடைத் தகடுகளின் வெப்பம் மெல்ல மெல்லச் சக்கர விளிம்பிற்கும் அங்கிருந்து டயருக்கும் பரவும். இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். ஆகவே, விமானம் நின்று, பயணிகள் மூட்டைகளை எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் சக்கரம் மிகுந்த சூட்டை அடைகின்றது. சூடேறிய வாயு விரிந்து வெடித்தால் சக்கரத் துண்டுகள் குண்டுபோற் பறக்கும். இதனைத் தடுக்கச் சக்கரத்தில் சிறு அடைப்புகள் சிலவற்றைப் பொருத்தியுள்ளனர். அவற்றின் நடுவில் எளிதில் உருகும் உலோகம் உண்டு. வெப்பம் குறித்த எல்லையைக் கடந்ததும் அவ்வுலோகம் உருகி வழிவிட, வாயு சீறி வெளியேறும். டயர் வெடிக்காமல் தளர்ந்து அமரும். விரலளவேயான இவ்வடைப்பு காத்த உயிர்கள் பல. அதன் பெயரைக்கூட அறிந்தார் சிலரே.

தடையை மிகுதியாக அழுத்தினாலும் தீங்குண்டு. சக்கரம் சுழலாது பூட்டிக்கொண்டால், டயர் ஒரே இடத்தில் தரையோடு தேய்ந்து சில நொடிகளில் கிழிந்துவிடும். பற்றும் குறையும். திசைமாற்றும் ஆற்றலும் போய்விடும். இதற்கு மாற்றாக 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தார் ஒரு கருவியைச் செய்தனர். மேக்சரெட் என்பது அதன் பெயர். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, அழுத்தத்தைச் சிறிது விட்டு, மீண்டும் பற்றும் இயல்புடையது அது. இன்று கார்களிலும் பேருந்துகளிலும் லாரிகளிலும் உள்ள இவ்வகைக் கருவிகளுக்கு அதனை முன்னோடியாகக் கூறலாம்.

டயரில் வாயு குறைந்திருப்பதால் விளையும் கேட்டை 1991ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் உலகம் கண்டது. சவூதி அரேபியாவின் செத்தா நகரிலிருந்து நைசீரிய நாட்டுப் புனிதப் பயணிகளை ஏற்றிக்கொண்டு டிசி-8 விமானம் ஒன்று புறப்பட்டது. அதன் டயர்களில் அழுத்தம் குறைந்திருந்தது. பழுது பார்ப்போர் அதனை முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும், காலதாமதம் நேரும் என்பதால் வாயு நிரப்பப்படவில்லை. அழுத்தம் குறைந்த டயர் ஓடும்போது நெளிந்து நெளிந்து தானே சூடேறும். ஓடுபாதையிலேயே டயர்கள் சிதைந்து தீப்பற்றின. அதனை அறியாத விமானிகள் மேலெழுந்தபின் சக்கரங்களை உள்ளே மடக்கினர்; தீயும் உள்ளே சென்றது. 261 பேரும் இறந்தனர். நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையில் லாரி நின்றவுடன், கிளீனர்ப் பையன் ஓர் இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டி ஓசையைக் கேட்பதைக் காணலாம். விளையாட்டுப்போலத் தோன்றும் செயல் அது.

தடையும் டயரும் செம்மையாக இருந்தும் ஓடுபாதை போதாமற்போவதுண்டு. 2010ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் மங்களூரில் ஒரு விமானம், 2,450 மீட்டர் ஓடுபாதையில் 1,500 மீட்டருக்கும் மேல் கடந்த பின்னரே தரையைத் தொட்டது. மேட்டின் உச்சியில் அமைந்த ஓடுபாதை அது. 158 பேர் மாண்டனர், எண்மரே பிழைத்தனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் கோழிக்கோட்டில், மழையால் நனைந்த 2,700 மீட்டர் ஓடுபாதையில், பின்னிருந்து காற்று வீச, ஏறக்குறையப் பாதி தூரத்தைக் கடந்தபின் மற்றொரு விமானம் இறங்கியது. அதிலிருந்த 190 பேருள் 21 பேர் உயிரிழந்தனர். ஈரத் தரையில் டயருக்கும் பாதைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து சக்கரத்தைத் தூக்கிவிடவும் கூடும். பின்னே விட்டுவிட்ட ஓடுபாதையை எந்தத் தடைக்கருவியும் திரும்பக் கொணராது.

ஆகவேதான், இடையூறு நேர்ந்த விமானத்தை உடனே தரையிறக்க விமானிகள் விரைவதில்லை. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் மாலை, திருச்சிராப்பள்ளியிலிருந்து சார்சாவிற்கு 141 பயணிகளுடன் புறப்பட்ட விமானத்தில், சக்கரம் முதலியவற்றை இயக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பொன்று பழுதுற்றது. விமானம் உடனே இறங்கவில்லை. இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகத் திருச்சியைச் சுற்றியுள்ள வானத்தில் வட்டமிட்டது. கீழே மக்கள் அண்ணாந்து பார்த்துக் கலங்கினர். ஆனால், அவ்வட்டங்கள் ஒவ்வொன்றிலும் எரிபொருள் குறைந்தது. எரிபொருள் குறைய எடை குறைந்தது. எடை குறையத் தடைகள் தாங்கவேண்டிய வெப்பமும் குறைந்தது. இரவு எட்டு மணிக்குப் பின் அது நலமாகத் தரையிறங்கிற்று. எல்லோரும் உயிர் பிழைத்தனர்.

எடையைக் குறைக்க வழியில்லாதபோது நேர்வது யாது? சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நடந்தது இதற்கு விடையாகும். அன்று காலை, ஆஸ்திரேலியாவின் குவாண்டாசு நிறுவனத்தைச் சேர்ந்த ஏர்பசு ஏ380 விமானம் 469 பேருடன் சாங்கி விமான நிலையத்தினின்று சிட்னிக்குப் புறப்பட்டது. பயணிகள் விமானங்களுள் மிகப் பெரிய வகை அது. அதற்கு 22 சக்கரங்கள். புறப்பட்ட சில நிமிடங்களில், பாத்தாம் தீவிற்கு மேலே, இடப்புறத்து எஞ்சின் ஒன்றனுள் எண்ணெய் கசிந்து தீப்பற்ற, சுழலும் வட்டு உடைந்து சிதறியது. அத்துண்டுகள் இறக்கையைத் துளைத்து நூற்றுக்கணக்கான கம்பிகளை அறுத்தன. எரிபொருள் கசிந்தது. எரிபொருளை வெளியே கொட்டும் ஏற்பாடும் செயலற்றது. தடைகளின் எண்ணெய் அமைப்பும் ஊறுபட்டது. இறக்கையின் தகடுகளுள் சில எழவில்லை. தள்ளும் காற்றை முன்புறம் திருப்பும் வசதியோ ஓர் எஞ்சினில் மட்டுமே எஞ்சியிருந்தது. துணைகள் ஒவ்வொன்றாக விலகத் தடைகள் தனித்து நின்ற நிலை இது.

விமானத் தலைவர் ரிச்சர்டு டி கிரெசுப்பினியும் உடனிருந்த விமானிகளும் பதறவில்லை. பழுதுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டுச் சரிபார்க்கவே நெடுநேரம் ஆயிற்று. பின்னர்த் தரையிறங்கும் தூரத்தைக் கணக்கிட்டனர். தரையிறங்குவதற்கு இசைந்த எடையைவிட விமானம் 40 டன்னுக்கும் மிகுதியாகக் கனத்தது. 4,000 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய 140 மீட்டரே மிஞ்சும் என்று விடை கிடைத்தது. வேகத்தைக் கூட்டினால் பாதை போதாது. குறைத்தாலோ வானிலேயே விமானம் நிலைகுலையும். இடையே இருந்த இடைவெளி மிகக் குறுகியது.

ஏறக்குறைய முற்பகல் 11.45 மணிக்கு விமானம் தரையைத் தொட்டது. அப்பொழுது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல். தடைகளை முழுவதும் அழுத்தினர். டயர்கள் நான்கு சிதைந்தன. பாதையின் முடிவிற்கு ஏறக்குறைய 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது.

நின்றது, ஆனால் இடுக்கண் தீரவில்லை. இடப்புறத் தடைகளின் வெப்பம் 900 பாகையை எட்டியிருந்தது. அவற்றிற்கு அருகிலேயே, துளைபட்ட இறக்கையினின்று எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது. 200 பாகையைச் சற்றே கடந்தாலும் தானே பற்றக்கூடிய எரிபொருள் அது. போதாக்குறைக்கு, கம்பிகள் அறுந்தமையால் இடக்கோடியிலிருந்த எஞ்சினை அணைக்க இயலவில்லை. அது இரைந்துகொண்டே இருந்தது. கதவுகளைத் திறந்து சறுக்குப் பாதைகளை விரித்து எல்லோரையும் உடனே இறக்குவதா? அவ்வாறு செய்தால் நூற்றுக்கணக்கானோர் எரிபொருள் தேங்கிய தரையிலும், சுழலும் எஞ்சினுக்கு முன்னும், கனலும் சக்கரங்களின் அருகிலும் சென்று விழுவர். உள்ளேயே வைத்திருந்தால், தீ மூளுமாயின் யாரும் தப்பார். இரண்டும் ஆபத்தே. விமானிகள் காத்திருக்க முடிவு செய்தனர். தீயணைப்போர் எரிபொருள் ஒழுகிய இடத்தையும் தடைகளையும் நுரையால் மூடினர். உள்ளே பணிமக்கள் எக்கணமும் கதவுகளைத் திறக்க ஆயத்தமாக நின்றனர். வெப்பம் இறங்க இறங்க, ஏறக்குறைய 50 நிமிடங்களுக்குப் பின், வலப்புறத்தில் ஒரே ஒரு கதவைத் திறந்து, ஒரே படிக்கட்டின் வழியாகப் பயணிகளை ஒருவர்பின் ஒருவராக இறக்கினர். ஒருவருக்கும் காயமில்லை. அணையாத எஞ்சின் ஏறக்குறைய மூன்று மணி நேரத்திற்குப் பின்னரே அடங்கியது. பழுது நீக்கப்பட்ட அவ்விமானம் 2012ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மீண்டும் பறந்தது.

வேகத்தை அடக்கிய வீரத்தைப் பலரும் பாராட்டினர். அதனினும் அரியது, நின்றபின் அந்த 50 நிமிடங்களைப் பொறுத்திருந்ததே எனலாம்.

சூடேறிய சக்கரத்தை அணுகுவதற்குத் தீயணைப்போர் ஒரு முறையைக் கையாளுகின்றனர். சக்கரத்திற்கு நேர் முன்னிருந்தோ நேர் பின்னிருந்தோதான் அவர்கள் செல்வர். பக்கவாட்டில் ஒருபோதும் செல்லார். வெடிக்குமாயின் விளிம்பின் துண்டுகள் பக்கவாட்டிலேயே பாயும். தீயில்லாது சூடு மட்டும் இருக்குமாயின் தண்ணீரைப் பாய்ச்ச விரையார், ஆறவிடுவர்.

தொப்பூர்க் கணவாயின் அடிவாரத்திலும் இக்காட்சியைக் காண்பது அரிதன்று. இறக்கம் முழுவதும் தாழ்ந்த கியரில் ஊர்ந்து வந்த லாரியொன்று சாலையோரத்தில் ஒதுங்கி நிற்கும். டிரமின் பக்கத்தில் மெல்லிய புகையும் கரிந்த நாற்றமும் எழும். அதனைக் கண்ட கிளீனர்ப் பையன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவான்.

“அண்ணே, ஊற்றட்டுமா?”

“வேண்டாம் தம்பி. கொதிக்கும் இரும்பின்மேல் தண்ணீர் பட்டால் டிரம் வெடித்து விரியும். சக்கரத்திற்கு எதிரே நில்லாமல் சற்று விலகி வா. தானாக ஆறட்டும்.”

ஓட்டுநர் தம் கையைத் தொடாமலே டிரமின் அருகே நீட்டிச் சூட்டைப் பார்ப்பார். பின்னர்ப் புளியமர நிழலில் அமர்வார். மேலே கணவாயில் அடுத்த லாரி எஞ்சின் முனக மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.